அணையின் அடிக்கணக்கும் பள்ளியின் படிக்கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் வழியோடு போகிற யாரையாவது நிறுத்தி, பெரியாறு அணையில் இன்று நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் பத்திரிகை வாசிப்பவர் சொல்வார். வாசிக்கத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவரும் சொல்வார். 136 அடிக்கும் 142 அடிக்கும் என்ன வித்தியாசம், 2014-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று, 71 அடி கொள்ளும் வைகை அணை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் குழந்தைப் பாடம். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1895-இல் அணை எழுந்த நாளிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் சோறும் சொத்தும் அந்த அடிக்கணக்கில்தான் இருந்து வருகின்றன.

அதே மனிதரிடம் இன்னொரு கேள்வி கேட்போம். "ஐயா, உங்கள் வார்டில் பள்ளிக்கூடம் போகிற வயதுள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் நாலு வரியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாதவர்கள் அவர்களில் எத்தனை பேர்?" என்று கேட்டால், அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். குற்றம் அவருடையதன்று. அந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொன்னதில்லை. அது கேட்கக்கூடிய கேள்வி என்றுகூட யாரும் சொன்னதில்லை.

அல்லிநகரத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். வெளியூரார் தேனி என்று சொன்னால் தெரிந்துகொள்வார்கள். அல்லிநகரம் என்றால் சற்று யோசிப்பார்கள். சினிமாப் பித்துள்ளவர்கள் மட்டும் பாரதிராஜா பிறந்த ஊர் அல்லவா என்று கண் மலர்வார்கள். நகராட்சியின் பெயர்ப் பலகை இரண்டு ஊரையும் விட்டுக்கொடுக்காமல் தேனி-அல்லிநகரம் என்றே சொல்லுகிறது. 33 வார்டுகள், 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி 94,000-க்கு மேற்பட்ட ஜனங்கள், 1996-இல் மதுரையிலிருந்து பிரிந்த ஜில்லாவின் தலைநகர். இப்படிப்பட்ட ஊரில் நகரசபை அங்கத்தினர் ஒருவர் வீதியில் அகப்பட்டுக்கொண்டால் அவர் கேட்க வேண்டிய புகார்கள் என்னென்ன? குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, விளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை தாங்கவில்லை. எல்லாம் நியாயமான புகார்கள். ஆனால், "என் மகன் நாலாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், இதற்கு நகரசபை என்ன செய்யப் போகிறது?" என்று ஒருவர் கேட்டால், பாவம், அங்கத்தினர் திகைத்துப் போவார். "அது கல்வி இலாகாவின் காரியம் அல்லவா?" என்பார்.

அது முழுவதும் உண்மையல்ல என்பதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

வீட்டு வரி ரசீது எல்லார் வீட்டிலும் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது அரிசிப் பானைக்குப் பின்னால் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நகரவாசி கட்டுகிற சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு பங்கு அடங்கியிருக்கிறது. தமிழ்நாட்டு நகரசபைகளின் கணக்குப் புத்தகத்தில் பொது நிதி ஒன்று, குடிநீர் வடிகால் நிதி ஒன்று, தொடக்கக் கல்வி நிதி ஒன்று என்று தனித்தனிப் பேரேடுகள் உண்டு. இதோடு நூலக வரி வேறு; சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. இந்த நூலக வரியை வசூலித்துக்கொண்டு, நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பிக்காமல் ஸ்தல ஸ்தாபனங்கள் பல இழுத்தடிப்பது நாடறிந்த கதை. ஆகவே பிள்ளைகளின் படிப்பு என்று சொல்லி நம்மிடம் காசு வாங்குகிற ஸ்தாபனம் ஒன்று நம் தெருக்கோடியிலேயே இருக்கிறது. காசு கொடுத்தவன் கேள்வி கேட்கக் கூடாதா?

இந்த வரி எப்படி வந்தது என்பதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1911-இல் கோகலே அவர்கள் வைசிராயின் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். நாடு முழுவதும் ஒரே நாளில் கட்டாயக் கல்வி வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்த நகரசபை, எந்த ஜில்லா போர்டு தன் எல்லையில் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு வரச் செய்ய விரும்புகிறதோ அதற்கு அதிகாரம் கொடுங்கள், அதற்காக வரி விதிக்கவும் அனுமதியுங்கள் என்றுதான் கேட்டார். அந்த அடக்கமான கோரிக்கையும் 1912-இல் 13 பேர் ஆதரிக்க, 38 பேர் எதிர்க்கத் தோற்றுப் போயிற்று. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் மட்டும் எதிர்த்தார்கள் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. நம்மவர்களிலும் பெரிய நிலக்காரர்கள் எதிர்ப்பக்கம் இருந்தார்கள். குடியானவன் பிள்ளை படித்துவிட்டால் மாடு மேய்ப்பது யார் என்கிற கவலை! ஆனால் கோகலே போட்ட விதை வீண்போகவில்லை. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் வருஷத்துத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஸ்தல ஸ்தாபனங்கள் கல்வி வரி விதிக்கலாம், கட்டாயக் கல்வியை அமுல் செய்யலாம் என்று அது சொல்லிற்று. அல்லிநகரத்து ரசீதில் இருக்கும் கல்வி வரி அந்தச் சட்டத்தின் வழித்தோன்றல்தான்.

அதே 1920-இல் சென்னை நகரசபை செய்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அப்போது சபையின் தலைவராக இருந்தவர் ஸர் பிட்டி தியாகராயச் செட்டியார். ஆயிரம் விளக்கில் இருந்த நகரசபைப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் பரம ஏழைகள். பட்டினியோடு வருவதும், பிறகு வராமலே நின்றுவிடுவதுமாக இருந்தார்கள். அவர்களுக்குப் பள்ளியிலேயே ஒரு வேளை உணவு கொடுப்பது என்று சபை தீர்மானம் செய்தது. பிள்ளை ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாது என்பது நிபந்தனை. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விஸ்தரிக்கப்பட்டது. பலன் என்ன? 1922-23-இல் அந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25-இல் 1,671 பேர். புதுப் பாடத்திட்டமும் இல்லை, புது உபாத்தியாயரும் இல்லை. ஓர் அணாச் சோறு இரண்டே வருஷத்தில் பள்ளிக்கூடத்தை இரட்டித்துவிட்டது.

இவ்வளவு நல்ல காரியம் நடக்கும்போது மேலிடம் சும்மா இருக்குமா? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று சர்க்கார் ஆட்சேபணை செய்தது. 1925 ஏப்ரலில் சோறு நின்றது. ஏடும் எழுத்தாணியும் கல்விச் செலவாம். பிள்ளையின் வயிறு கல்விச் செலவு அல்லவாம்! பிற்பாடு 1956-இல் காமராஜ் அவர்கள் மதிய உணவைத் தொடங்கினார்; சர்க்கார் 60 பங்கு, ஊரார் 40 பங்கு என்று செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். கல்வி டைரக்டராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளை நடத்தினார். ஜனங்கள் பெஞ்சும், கரும்பலகையும், மணியும், சுவர்க் கடிகாரமும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். 1982-இல் எம். ஜி. ராமச்சந்திரன் அவர்களின் சத்துணவு வந்தது. 2022 செப்டம்பரில், மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில், காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகள். மறு வருஷம் ராஜ்யத்திலுள்ள சர்க்கார் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும். ஒரு நகரசபையின் ஐந்து பள்ளிகளில் முளைத்த யோசனை நூறு வருஷத்தில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

காலைச் சிற்றுண்டியின் அருமையைக் கம்பம் பள்ளத்தாக்கு அறிவதுபோல் வேறு எந்தப் பக்கமும் அறியாது என்று நினைக்கிறோம். விடியுமுன்பே ஜீப்புகள் மலையேறுகின்றன. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்து வேலைக்குப் பெண்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள். தேனியைச் சுற்றி நூல் ஆலைகள், அங்கே முறைவேலை. தாய் நாலு மணிக்கு எழுந்து பழையதை மூடி வைத்துவிட்டுப் போனால், எட்டு வயதுப் பெண் ஐந்து வயதுத் தம்பிக்குத் தலைவாரி, சட்டை மாட்டி, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. அது வந்து உட்கார்ந்ததும் முதலில் வாசிக்கவேண்டியது உப்புமாவையும் பொங்கலையும்தான். பாலபாடம் அதற்குப் பிறகு.

சரி, பிள்ளை வந்தாயிற்று, வயிறும் நிறைந்தது. படிக்கிறதா?

இங்கேதான் நகரசபைக்காரர்கள் கையை விரிப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஒரு காலத்தில் உபாத்தியாயரை நியமிப்பதும் மாற்றுவதும் ஸ்தல ஸ்தாபனங்களின் கையில் இருந்தன. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ நாம் தயாராயில்லை. போர்டுப் பிரசிடெண்டின் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறாத வாத்தியாருக்கு மறுவாரம் மாற்றல் உத்தரவு வந்த கதைகளைப் பழைய ஆசிரியர்கள் இன்னும் சொல்லுவார்கள். பஞ்சாயத்து யூனியன் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூனில் சர்க்கார் ஊழியர்களானபோது அவர்கள் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இருந்தது. ஆனால் உபாத்தியாயருக்கு விடுதலை கிடைத்த அந்தப் போக்கிலே ஊருக்குப் பொறுப்பும் விடுதலையாகிவிட்டது! 1992-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோதும் ஒரு விசித்திரம் நடந்தது. கிராமப் பஞ்சாயத்துகளுக்கு உரிய பட்டியலில், தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் உட்பட்ட கல்வி என்று தெளிவாக எழுதினார்கள். நகரசபைகளுக்கு உரிய பட்டியலிலோ பண்பாடு, கல்வி, கலை ஆகியவற்றை வளர்த்தல் என்று பொத்தாம் பொதுவாக ஒரு வரி போட்டார்கள். பள்ளிக்கூடம் என்ற சொல்லே அங்கு இல்லை.

ஆயினும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குறையைப் போக்கிற்று. 2010 ஏப்ரல் முதல் அமுலில் இருக்கிற அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவை நகரசபை அங்கத்தினர்கள் தயவு செய்து ஒருமுறை வாசிக்கவேண்டும். தன் எல்லைக்குள் வசிக்கிற 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பதிவேட்டை வைத்திருப்பது, ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்து, வந்து, படித்து முடிக்கிறதா என்று கண்காணிப்பது, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களின் பிள்ளைகளைச் சேர்ப்பது, கட்டிடம் முதலிய வசதிகளுக்கு வழி செய்வது, பள்ளிகளின் நடைமுறையை மேற்பார்ப்பது ஆகியவை அந்தப் பிரிவில் ஸ்தல ஸ்தாபனத்தின் கடமைகளாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் பள்ளி செல்லாப் பிள்ளைகளைத் தேடி வெயிலில் வீடு வீடாகப் போகிறவர் யார்? உபாத்தியாயர்தான். வார்டு முழுவதும் ஓட்டர்களின் பெயரை விரல் நுனியில் வைத்திருக்கிற அங்கத்தினர், வாக்குரிமை இல்லாத பிள்ளைகளின் பெயரையும் தெரிந்துகொள்வதில் என்ன நஷ்டம்? பதினெட்டு வயதில் அவர்களும் ஓட்டர்கள்தானே!

பதிவேடு ஏன் அத்தனை அவசியம் என்றால், நம் பக்கத்தில் பள்ளிக்கூடங்களுக்கு எஜமானர்கள் பலர். நகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, தனியார் பள்ளி. இவற்றோடு மதுரை, தேனி, திண்டுக்கல் ஜில்லாக்களுக்கே உரிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். ஒரு சாதியாரையே குற்றப் பரம்பரையென்று முத்திரை குத்திய கொடுஞ் சட்டத்தின் நிழலில் பிறந்தவை அந்தப் பள்ளிகள். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்த காலத்தில் தொடங்கி, சட்டம் 1947-இல் ஒழிந்த பிறகும் அவை நின்று, பல தலைமுறைப் பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கின்றன. எல்லாப் பள்ளிகளையும் கல்வி இலாகாவின் கீழ்க் கொண்டுவரலாம் என்று 2024-இல் நீதிபதி சந்துரு அவர்களின் குழு யோசனை சொன்னபோது, அந்தப் பெயரும் அடையாளமும் போய்விடுமே என்று பலர் வருந்தியதை நாம் குறை கூற மாட்டோம். எந்த இலாகா என்பது பெரியவர்களின் வழக்கு. ஒரே தெருவில் மூன்று பிள்ளைகள் மூன்று எஜமானர்களின் பள்ளிக்குப் போகும்போது, மூவரையும் சேர்த்து ஒரே கணக்கில் பார்க்கக்கூடிய ஸ்தாபனம் அந்தத் தெருவின் நகரசபை ஒன்றுதான் என்பதே நம் கட்சி.

படிப்பின் தரம் என்றவுடன் எல்லாரும் பத்தாம் வகுப்பு ரிஸல்ட்டைத்தான் பார்க்கிறார்கள். நம் ஜில்லா எத்தனையாவது இடம், போன வருஷம் எத்தனையாவது இடம் என்று மே மாதத்தில் பத்திரிகைகள் அமளிப்படுகின்றன. மரத்தின் உச்சியில் பழம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறோம். வேரில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் பிரதம் ஸ்தாபனத்தார் நாடு முழுதும் கிராமங்களில் நடத்திய சோதனையில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைச் சரளமாக வாசிக்கக்கூடியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று தெரிந்தது. அந்தச் சோதனைக்கு வேண்டிய சாமக்கிரியை மிகச் சொற்பம்: எழுத்து, சொல், ஒரு பத்தி, ஒரு சிறு கதை அச்சடித்த ஒரே ஒரு தாள். உபகரணம் தாள் ஒன்று. நேரம் சில நிமிஷம். இதைச் செய்ய நகரசபைக்குக் கஜானா தேவையில்லை.

நிலைமை நம்பிக்கையற்றது என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கார் 2021-இல் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. தெருவிலேயே படித்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அதைப் பரிசோதித்தார்கள். நோய்க்காலத்தில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளைகள் மீட்டுக்கொண்டார்கள் என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திண்ணைப் பள்ளிகளால் வந்தது என்றும் கண்டார்கள். நம் பாட்டன்மார் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு இப்படி ஒரு மறுபிறப்பு! 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் வந்தது. அதில் வகுப்பு என்ற வேலியைச் சற்றுத் தள்ளி வைத்து, பிள்ளையின் உண்மையான நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மக்கு என்றும் மண்டு என்றும் பெயர் வைத்த தேசத்தில் அரும்பு என்று ஒரு பெயர் வைக்கத் தோன்றிற்றே. அதற்காகவே பெயர் வைத்தவருக்கு நமஸ்காரம்.

தரத்தை அளக்கவேண்டும் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், பிள்ளை பரீட்சையில் தேறினால்தான் பள்ளிக்குப் பணம் என்று 1862-இல் ஒரு விதி செய்தார்கள். நம் சென்னை மாகாணத்திலும் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அதே மாதிரி பலனைப் பார்த்துக் கொடுக்கும் மான்யம் அமுலில் இருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் உபாத்தியாயரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். பாடத்தை மனப்பாடம் செய்வித்தார்கள். தேறமாட்டான் என்று தோன்றிய பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இங்கிலாந்தில் பள்ளி இன்ஸ்பெக்டராகவே உத்தியோகம் பார்த்த கவி மாத்யூ ஆர்னால்டு அந்த முறையைக் கடைசிவரை கண்டித்தார். ஆகவே அல்லிநகரத்தில் வாசிப்புச் சோதனை நடத்தி, எந்தப் பள்ளியில் எண்ணிக்கை குறைவோ அந்தத் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் நிறுத்தி வைத்துப் பேசுவது என்று யாராவது புறப்பட்டால், நாமே முதல் ஆளாக எதிர்ப்போம். எண்ணிக்கை பிள்ளையைக் கண்டுபிடிப்பதற்கு, உபாத்தியாயரை அடிப்பதற்கல்ல.

எண்ணிக்கையை நல்வழியில் பயன்படுத்திய ஒரு நகரசபை உலகத்தில் உண்டா என்றால், உண்டு. பிரேஸில் தேசத்தின் வடகிழக்கில், ஸியாரா ராஜ்யத்தில், ஸோப்ரால் என்று ஓர் ஊர். வறண்ட சீமை. விஞ்ஞானம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்; 1919-இல் சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்த்து ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்த இரண்டு இடங்களில் அது ஒன்று. அதன் பிறகு எண்பது வருஷம் உலகம் அந்த ஊரை மறந்திருந்தது. 2001-ஆம் வருஷவாக்கில் அந்த நகரசபை தன் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தபோது, ஆரம்ப வகுப்புகளைக் கடந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை. சாதாரணமாக இப்படி ஓர் அறிக்கை வந்தால் அதைப் பூட்டி வைப்பதே வழக்கம். ஸோப்ரால்காரர்கள் அதை வெளியே சொன்னார்கள். ஏழு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிக்கத் தெரியவேண்டும். மற்றதெல்லாம் பிறகு என்று ஒரே ஒரு லட்சியத்தை வைத்துக்கொண்டார்கள். அரசியல்வாதிகளின் சிபாரிசில் தலைமையாசிரியர் ஆகிற வழக்கத்தை ஒழித்துத் தகுதி பார்த்து நியமித்தார்கள். பிள்ளைகள் வாசிப்பதை வருஷந்தோறும் வெளியாரைக் கொண்டு சோதித்து, பின்தங்கியவர்களுக்குத் தனிக் கவனம் கொடுத்தார்கள். 2005-இல் அந்தத் தேசத்து நகரங்களின் கல்விப் பட்டியலில் ஆயிரத்துக்கும் கீழே கிடந்த ஊர் 2017-இல் முதலிடத்தில் நின்றது.

ஸோப்ராலில் ஆசிரியரை நியமிப்பது நகரசபை, அல்லிநகரத்தில் அப்படியல்ல. இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவது யோக்கியமல்ல. தலைமையாசிரியர் நியமனத்தில் நம் நகரசபை தலையிட முடியாது. தலையிடாமல் இருப்பதே நல்லது என்பதும் நம் எண்ணம். ஆனால் அந்த ஊரார் செய்தவற்றில் பாதிக்கு அதிகாரம் தேவையாயிருக்கவில்லை; தெரிந்துகொள்ளும் ஆசைதான் தேவையாயிருந்தது. 33 வார்டுக்கும் 33 பதிவேடுகள். அவற்றில் நகராட்சிப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் அந்த வார்டில் குடியிருக்கும் எல்லாப் பிள்ளைகளும். வட இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும்கூட. இது ஒரு கோடை விடுமுறையில் ஆகிற வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. ஸ்தல ஸ்தாபனத்தின் பிரதிநிதிக்கும் அதில் இடம் உண்டு. அந்த நாற்காலியில் அங்கத்தினர் மாதம் ஒருமுறை உட்கார்ந்தாலே, பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இரவில் சுற்றுச் சுவரைத் தாண்டி வந்து பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவர்கள் யார் என்ற விஷயங்கள் மனுப் போடாமலே அவர் காதுக்கு எட்டிவிடும். இவை படிப்பின் தரத்துக்குச் சம்பந்தமில்லாத சில்லறை விஷயங்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பெண் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவது, பல ஊர்களில் கணக்குப் பாடத்துக்குப் பயந்து அல்ல; கதவில்லாத கழிப்பறைக்குப் பயந்து.

மாலை ஐந்து மணிக்குப் பின் நகரசபைக்குச் சொந்தமான கட்டிடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. மலையிலிருந்தும் ஆலையிலிருந்தும் தாய் திரும்பி வருமுன் பிள்ளை தெருவில் சுற்றுகிறது. அல்லது கைப்பேசியில் கண்ணைப் புதைத்துக்கொள்கிறது. அந்தக் கட்டிடத்தின் சாவியையும், ஒரு விளக்கையும், நூலகத்திலிருந்து இருபது கதைப் புத்தகங்களையும் அந்த வார்டிலே படித்த ஒரு பெண்ணிடம் கொடுத்து, மாதம் ஒரு சிறு தொகையும் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? நூலக வரிதான் வசூலாகிறதே! தொடக்கக் கல்வி நிதியில் இதற்குச் செலவழிக்க விதி இடந்தராது என்று ஒரு கணக்கு ஆபீஸர் எழுந்து சொல்லக்கூடும். 1925-இலும் அப்படித்தான் ஒருவர் சொன்னார்.

இன்னொன்று. அணையின் நீர்மட்டத்தைத் தினந்தோறும் பிரசுரிப்பதுபோல, நகரசபை ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை வைக்கட்டும். தொடக்கக் கல்வி நிதியில் இந்த வருஷம் வரவு எவ்வளவு, எந்தப் பள்ளியில் எதற்குச் செலவு, மீதி எவ்வளவு என்று மூன்று வரி. கீழே இன்னும் இரண்டு வரி: நம் எல்லைக்குள் எட்டு வயதான பிள்ளைகள் இத்தனை பேர், அவர்களில் கதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இத்தனை பேர். பள்ளியின் பெயரும் வேண்டாம், பிள்ளையின் பெயரும் வேண்டாம். எண் மட்டும் போதும். முதல் வருஷம் அந்த எண்ணைப் பார்க்கச் சற்று வெட்கமாக இருக்கும். ஸோப்ரால்காரர்களுக்கும் இருந்தது.

நகரசபைகளின் வரவு செலவுத் திட்டம் வருஷந்தோறும் மார்ச் மாதத்தையொட்டிச் சபைக்கு வருகிறது. அல்லிநகரத்து நேயர்கள் அதற்கு முன்பாகவே தங்கள் வார்டு அங்கத்தினரைக் கண்டு, குழாய்க்கும் சாக்கடைக்கும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, கடைசியில் அந்த எட்டு வயதுப் பிள்ளைகளின் எண்ணையும் கேட்டு வைக்கட்டும். கிடைத்த பதிலை நமக்கு ஒரு கார்டில் எழுதியனுப்பினால் இந்தப் பகுதியிலேயே வெளியிடுவோம். பதில் கிடைக்காவிட்டாலும் எழுதலாம்.